மோட்டார் நின்ற பின்னும் நிற்காத அழுத்தம்: குப்பை அமுக்கும் எந்திரம் குறித்த வாசகர் கேள்வி – பதில்

எண்ணெய் அழுத்தம் தரும் ஹைட்ராலிக் விசையால் குப்பையை அமுக்கும் எந்திரத்தை, அதாவது காம்பாக்டரைக் கையாளும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் எட்டினை இம்முறை எடுத்துக்கொண்டுள்ளேன். இந்த எந்திரம் ஓடும்போது யாவரும் விலகியே நிற்கிறார்கள். அது பழுதாகி நின்ற பிறகே அருகில் சென்று கை வைக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் விபத்துகளும் நேர்கின்றன என்பதால், பழுது கண்டறிவதைப் பற்றிய ஒவ்வொரு பதிலிலும் பாதுகாப்பைச் சேர்த்தே எழுதியிருக்கிறேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: ஒரு மரச்சட்டம் குறுக்கே சிக்கிக்கொண்டதால் அமுக்குத் தட்டு பாதி வழியில் நின்றுவிட்டது. அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்திவிட்டு ஒருவர் உள்ளே இறங்கி அதை எடுத்துவிடலாமா? இரண்டு நிமிட வேலைதான் என்று உடன் பணிபுரிவோர் சொல்கிறார்கள், ஐயா.

இறங்கக் கூடாது. அவசர நிறுத்தப் பொத்தான் கட்டுப்பாட்டுச் சுற்றை மட்டுமே துண்டிக்கிறது. மெயின் சுவிட்ச் வழியாக வரும் மின்சாரம் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் அப்படியே இருக்கும். விவரம் அறியாத ஒருவர் பொத்தானை விடுவித்து எந்திரத்தை ஓட்டிவிட்டால், உள்ளே நிற்பவருக்குத் தப்பிக்க நேரமிராது.

மின்சாரம் ஒரு பாதிதான். மறுபாதி எண்ணெய்க்குள் இருக்கிறது. திசை மாற்றும் வால்வு நடுநிலைக்கு வந்து மூடிக்கொள்ளும்போது, தட்டைத் தள்ளும் சிலிண்டருக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள எண்ணெய் போக வழியின்றி அடைபட்டு நிற்கிறது. சிக்கிய சட்டமும் வில்லைப் போல் வளைந்து அந்த விசையைத் தன்னுள் தாங்கிக்கொண்டிருக்கும். 150 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஒரு சிலிண்டரில் 150 பார் அழுத்தம் இருந்தால், தட்டின் மீது விழும் விசை ஏறத்தாழ 27 டன். அந்தச் சட்டத்தை ரம்பத்தால் அறுத்தாலோ கடப்பாரையால் நெம்பினாலோ அது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

முதலில் செய்ய வேண்டியது மிக எளியது. அனைவரையும் விலகச் சொல்லிவிட்டு, கட்டுப்பாட்டுப் பெட்டியின் முன் நின்று, தட்டைப் பின்னோக்கி இழுக்கும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான அடைப்புகள் இதிலேயே தளர்ந்துவிடும். தளராவிட்டால் மோட்டாரை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் பூட்டுப் போட்டு, வேலை செய்பவரே சாவியைத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இருவர் வேலை செய்தால் இரண்டு பூட்டுகள். ஒருவர் பூட்டை நம்பி மற்றவர் கை வைப்பது முறையன்று. பூட்டிய பிறகு இயக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்தி, எந்திரம் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று சோதியுங்கள். தவறான சுவிட்சைப் பூட்டியவர்கள் உண்டு. அதைக் காட்டிக்கொடுப்பது இந்தச் சோதனைதான்.

அடுத்தது எண்ணெய் அழுத்தத்தை இறக்குவது. மேலே சொன்ன திசை மாற்றும் வால்வு மின்காந்தத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வு; அதன் இரு முனைகளிலும் உள்ள சிறிய ஊசியைக் கையால் அழுத்தினால், அடைபட்ட எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். மேலிருந்து கீழாக அமுக்கும் வகை எந்திரமாயின், தட்டு தன் எடையாலேயே இறங்கிவிடும் என்பதால், தயாரிப்பாளர் கொடுத்துள்ள பூட்டு ஊசியையோ முட்டுக்கட்டையையோ வைத்த பிறகே வால்வைத் தொட வேண்டும்.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழிலுக்கு வந்த தொடக்கத்தில், அழுத்தமானியின் முள் சுழியத்தில் நிற்பதைப் பார்த்த தைரியத்தில் சிலிண்டரின் இணைப்பு ஒன்றை ஸ்பானரால் அரைச் சுற்றுத் தளர்த்தினேன். கண்ணாடிக் காகிதம் போல் மெல்லிய எண்ணெய்த் தகடு ஒன்று நட்டைச் சுற்றி விரிந்து, என் பாதுகாப்புக் கண்ணாடியில் அடித்து வழிந்தது. அந்த அழுத்தமானி பம்ப் பக்கக் குழாயில் பொருத்தப்பட்டிருந்தது. மோட்டார் நின்ற உடனே அந்தக் குழாயில் அழுத்தம் விழுந்துவிடும். சிலிண்டர் பக்கம் அப்படியே இருக்கும். ஆகவே மானி எந்தக் குழாயில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். சில எந்திரங்களில் சிலிண்டரின் வாயிலேயே தடுப்பு வால்வு ஒன்று இருக்கும். அங்கே ஊசியை அழுத்தினாலும் அழுத்தம் இறங்காது. அத்தகைய எந்திரத்தின் குழாய்களைப் பயிற்சி பெற்றவரே அவிழ்க்க வேண்டும்.

இவை முடிந்த பிறகும் சட்டத்தை வெளியே நின்றபடி நீண்ட கொக்கியால் இழுப்பதே முறை. அறைக்குள் இறங்குவது தனிப்பட்ட ஆபத்து. அழுகும் குப்பையிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளியாகிறது, ஆக்சிஜனும் குறைந்திருக்கலாம். அந்த வாயு அதிகமாகும்போது மூக்கு அதன் நாற்றத்தை உணரும் திறனையே இழந்துவிடுவதால், நாற்றமில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வாயு அளக்கும் கருவியும் வெளியே காவல் நிற்கும் ஆளும் இல்லாமல் எவரும் உள்ளே செல்லலாகாது.

கேள்வி: தட்டு வெறுமையாக ஓடும்போது நன்றாக ஓடுகிறது, குப்பையைத் தொட்டவுடன் வலுவிழந்து நிற்கிறது. ரிலீஃப் வால்வின், அதாவது மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வின், திருகைச் சற்று இறுக்கினால் சரியாகிவிடும் என்று ஒருவர் கூறினார். செய்யலாமா?

திருகைத் தொடாதீர்கள். ஹைட்ராலிக் எந்திரத்தில் பழுது தேடுபவர் மனத்தில் ஒரு செய்தி ஊன்றியிருக்க வேண்டும்: பம்ப் கொடுப்பது எண்ணெய் ஓட்டத்தை மட்டுமே, அந்த ஓட்டத்தை ஏதேனும் ஒன்று தடுக்கும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. எனவே தட்டு மெதுவாக நகர்ந்தால் ஓட்டம் குறைந்திருக்கிறது என்றும், வேகமாக நகர்ந்தும் தள்ள முடியாமல் நின்றால் அழுத்தம் எங்கோ கசிந்து போகிறது என்றும் கொள்ளலாம். உங்கள் எந்திரம் இரண்டாம் வகை.

உறுதி செய்ய, அறையைக் காலி செய்து, தட்டை முன்முனை வரை ஓட்டி, அது முட்டி நிற்கும்போது இரண்டு மூன்று விநாடிகள் மட்டும் அழுத்தமானியைப் படியுங்கள். எந்திரத்தின் தகட்டில் பொறித்துள்ள அளவு வந்துவிட்டால் ஹைட்ராலிக் பகுதி நலமாக இருக்கிறது. தட்டின் தடங்களில் உராய்வோ அடைப்போ உள்ளதா என்று தேடுங்கள். அளவு வராவிட்டால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ரிலீஃப் வால்வின் இருக்கையில் துகள் சிக்கி அது முழுதாக மூடாமல் இருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், சிலிண்டருக்குள் பிஸ்டனைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையமான சீல் கிழிந்து எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடந்துகொண்டிருக்கலாம். கசியும் இடத்தில் அழுத்தம் வெப்பமாக மாறும் என்பதால், தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் வெளியிலிருந்தே பார்த்தால், எந்த உறுப்பு மற்றவற்றைவிடச் சூடேறுகிறது என்பது விளங்கும். காலையில் சரியாகத் தள்ளிவிட்டு, எண்ணெய் சூடேறிய பிறகு மட்டும் சோர்ந்துபோகிறது என்றால் பம்பின் தேய்மானத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். மெலிந்த எண்ணெய் தேய்ந்த இடைவெளிகளில் எளிதில் நழுவிவிடும்.

திருகை இறுக்கினால் இந்தக் கசிவு சில நாட்கள் மறையும் என்பது உண்மையே. ஆனால் அந்தத் திருகுதான் எண்ணெய் செல்லும் ரப்பர் குழாய்களான ஹோஸ்கள், பற்றவைப்புகள், பெட்டியின் கதவு ஆகிய அனைத்தையும் மிகை அழுத்தத்திலிருந்து காத்து நிற்கிறது. பின்னொரு நாள் துகள் தானாக விலகி வால்வு ஒழுங்காக மூடிக்கொண்டால், நீங்கள் கூட்டி வைத்த அழுத்தம் முழுவதும் அவற்றின் மேல் இறங்கும். நோயை மறைத்து வைத்துவிட்டு மருந்தின் அளவைக் கூட்டுவது போன்ற செயல் இது.

மின் பழுதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தட்டு ஒரு திசையில் மட்டும் நகர மறுத்தால், அனைவரும் விலகிய நிலையில், மோட்டார் ஓடும்போது அந்தத் திசைக்குரிய வால்வு ஊசியைப் பயிற்சி பெற்ற ஒருவர் அழுத்திப் பார்க்கலாம். தட்டு நகர்ந்தால் எண்ணெய்ப் பகுதியில் குறையில்லை. வால்வின் மின்சுருளான காயிலையோ, தட்டு முனையை எட்டியதை உணரும் லிமிட் சுவிட்சையோ, ஒயரையோ பார்க்க வேண்டும். மின் வேலை நடந்த மறுநாளே இரு திசைகளிலும் அசையவில்லை என்றால், மூன்று ஃபேஸ் இணைப்பில் இரண்டு இடம் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றக்கூடும். மோட்டாரின் மேலுள்ள அம்புக்குறியோடு ஒப்பிட்டு உடனே நிறுத்துங்கள். எண்ணெய் வராமல் சுற்றும் பம்ப் சிறிது நேரத்திலேயே உராய்ந்து பாழாகிவிடும்.

கேள்வி: பம்பிலிருந்து வித்தியாசமான இரைச்சல் வருகிறது. தொட்டியின் கண்ணாடியில் எண்ணெய் மோர் போல் தெரிகிறது. எண்ணெயை மாற்றினால் போதுமா?

காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மாற்றினால் புதிய எண்ணெயும் சில வாரங்களில் மோராகிவிடும். முதலில் ஒரு தெளிந்த கண்ணாடிக் குப்பியில் மாதிரி எடுத்து, அசைக்காமல் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் அடியிலிருந்து தெளிந்து வந்தால் கலந்திருந்தது காற்று. ஓரிரு நாள் ஆகியும் கலங்கலாகவே இருந்தாலோ அடியில் நீர் தங்கினாலோ கலந்திருப்பது தண்ணீர்.

காற்றாயின், எண்ணெய் மட்டம் குறைந்திருக்கும், அல்லது பம்புக்கு எண்ணெய் இழுக்கும் குழாயின் கவ்வி தளர்ந்திருக்கும். அந்தக் குழாயில் எண்ணெய் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே புகும். ஆகவே சொட்டு இல்லை என்பதால் கசிவு இல்லை என்று எண்ண வேண்டாம். காற்றுக் கலந்த பம்ப் கூழாங்கற்களை உருட்டுவது போல் கடகடக்கும். இழுக்கும் வடிகட்டி அடைபட்டு எண்ணெய் போதாமல் திணறும் பம்போ சீராகக் கீச்சிடும். குளிர்ந்த நாளில் தடித்த எண்ணெயாலும் அந்தக் கீச்சொலி வரலாம். சூடேறியதும் அது மறைந்தால் பொருத்தமான தடிப்புள்ள எண்ணெயைத் தேர்வது பற்றித் தயாரிப்பாளரின் கையேட்டைப் பாருங்கள். பல எந்திரங்களுக்கு ஐஎஸ்ஓ விஜி 46 அல்லது 32 என்ற தடிப்பு எண் குறிக்கப்பட்டிருக்கும்.

தண்ணீராயின், கழுவும் நீரையே நான் முதலில் குற்றம் சொல்வேன். உயர் அழுத்த நீர்க் குழாயைத் தொட்டியின் மூச்சு மூடியின் மேல் பாய்ச்சுவோர் ஏராளம். எண்ணெய் மட்டம் ஏறி இறங்கும்போது தொட்டி அந்த மூடி வழியாகத்தான் மூச்சு விடுகிறது. மூடி உடைந்திருந்தால் ஈரமும் தூசியும் நேராக உள்ளே போகும். சிலிண்டர் தண்டில் குழிகள் விழுந்திருந்தால், ஒவ்வொரு முறை உள்ளிழுக்கும்போதும் குப்பைச் சாறு ஒரு துளியாவது அந்தக் குழிகளில் ஒளிந்து சீலைக் கடந்துவிடும். இவற்றைச் சரிசெய்து, தொட்டியைத் துடைத்து, வடிகட்டியையும் மாற்றிய பிறகே புதிய எண்ணெயை, அதுவும் வடிகட்டியே, ஊற்றுங்கள். பீப்பாயிலிருந்து வரும் புதிய எண்ணெய் சுத்தமானது என்ற நம்பிக்கை தவறானது. வால்வுகளைக் கெடுக்கும் துகள்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுள்ளவை.

கேள்வி: மட்டம் குறைவாக இருந்ததென்று எண்ணெய் ஊற்றினோம். மறுநாள் மூடி வழியாகப் பொங்கி வழிந்தது. ஏன்?

தட்டு முன்னால் நீண்டிருந்தபோது ஊற்றியிருப்பீர்கள். தட்டு பின்வாங்கும்போது சிலிண்டருக்குள் இருந்த எண்ணெய் தொட்டிக்குத் திரும்புகிறது. தட்டு முழுதும் பின்வாங்கிய நிலையில் மட்டும் மட்டம் பாருங்கள்.

கேள்வி: ஹோஸ் ஒன்று வியர்ப்பது போல் ஈரமாக இருக்கிறது. எங்கே கசிகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கையால் தடவிப் பார்த்தும் பிடிபடவில்லை.

கையால் தடவிப் பார்த்தேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது மனம் பதறியது. இனி ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். தோல் கையுறை அணிந்திருந்தாலும் செய்யாதீர்கள். ஊசித் துளையிலிருந்து உயர் அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத நூலாகப் பாய்ந்து, கையுறையையும் தோலையும் துளைத்துக்கொண்டு சதைக்குள் சென்றுவிடும்.

அந்தக் காயம் ஏமாற்றுவது. விரல் நுனியில் முள் குத்தியது போல் ஒரு புள்ளி. ஒரு துளி இரத்தம் கூட வராமல் இருக்கலாம். முதல் ஓரிரு மணி நேரம் வலியும் அதிகமிராது. உள்ளேயோ எண்ணெய் தசைநாண் உறைகள் வழியே உள்ளங்கை வரை பரவித் திசுவைக் கொன்றுகொண்டிருக்கும். சில மணி நேரத் தாமதத்தில் விரலையே எடுக்க நேரிடும். ஆகவே புள்ளி எவ்வளவு சிறியதாயினும், பிசையாமல், கட்டுப்போட்டுக் காத்திராமல், அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். "உயர் அழுத்த எண்ணெய் உடலுக்குள் பாய்ந்துவிட்டது" என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். எண்ணெயின் பெயர் எழுதிய தாளையும் கொண்டு செல்லுங்கள். வெறும் முள் காயம் என்று எண்ணி மருந்து தடவி அனுப்பிவிடும் அபாயம் இருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கசியும் இடத்தைத் தேட, நீளமான அட்டை ஒன்றைக் குச்சியில் பிணைத்து, முகக் கவசம் அணிந்து, தள்ளி நின்று ஹோஸின் அருகே மெல்ல நகர்த்துங்கள். பீறிடும் இடத்தில் அட்டையில் எண்ணெய்க் கோடு விழும். உங்கள் ஹோஸுக்கு இந்தத் தேடல்கூடத் தேவையில்லை. வியர்க்கும் ஹோஸை, எங்கே கசிகிறது என்று அறியாமலேயே, மாற்றிவிட வேண்டும். எந்திரத்தை நிறுத்தி, பூட்டி, அழுத்தத்தை இறக்கிய பிறகு மாற்றுங்கள். டேப் சுற்றுவதும் கவ்வி போடுவதும் இங்கே உதவா. புதிய ஹோஸ் பழையதன் அழுத்தத் தகுதிக்குக் குறையாததாக இருக்கட்டும். ஹோஸின் மேல் உற்பத்திக் காலம் அச்சிடப்பட்டிருக்கும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் ஆறு ஆண்டுகளைக் கடந்ததை நான் வைத்திருப்பதில்லை.

கேள்வி: பெட்டி பாதிகூட நிறையாத நிலையில் 'நிறைந்தது' என்ற விளக்கு எரிகிறது. அழுத்தச் சுவிட்ச் கெட்டுவிட்டதா?

கெட்டிருக்கலாம், ஆனால் அதை முதலில் மாற்றிவிடாதீர்கள். பெட்டி நிறைந்திருப்பதை இந்த எந்திரம் கண்ணால் பார்ப்பதில்லை. தட்டு முன்னேறும்போது எண்ணெய் அழுத்தம் குறித்த அளவைத் தொட்டதா என்பதை வைத்தே ஊகிக்கிறது. தட்டுக்கு வேறெங்கேனும் தடை இருந்தாலும் அதே விளக்குதான் எரியும். பெட்டியின் வாயருகே நீண்ட அட்டைகள் குறுக்கே பாலம் போல் நிற்கின்றனவா, அடித்தடத்தில் கண்ணாடித் துண்டும் மண்ணும் இறுகியிருக்கின்றனவா, தட்டைத் தாங்கும் தேய்மானப் பட்டைகள் தேய்ந்து தட்டு ஒரு பக்கம் சாய்ந்து உரசுகிறதா என்று பாருங்கள்.

தட்டின் பின்புறத்தையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு ஓட்டத்திலும் சிறிது குப்பை தட்டுக்கு மேலே ஏறிப் பின்னால் விழுகிறது. அது சேர்ந்து இறுகினால் தட்டு முழுதாகப் பின்வாங்க முடியாது. பின்முனை லிமிட் சுவிட்சைத் தொடாது. சுற்று முடியாமல் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், எண்ணெய் கொதிக்கும். சுத்தம் செய்யும் மூடியைத் திறந்து அதை அகற்றுவது வாரந்தோறும் செய்ய வேண்டிய வேலை. பூட்டுப் போட்டு, அழுத்தம் இறக்கிய பிறகே செய்ய வேண்டும். நன்கு பழகியவர்கள்தான் இந்த வேலையில் பூட்டை மறக்கிறார்கள்.

கேள்வி: குப்பை போடும் கதவின் சுவிட்ச் அடிக்கடி தகராறு செய்ததால், கதவு மூடியிருப்பதாக அது நம்பும்படி ஒரு காந்தத்தை ஒட்டி வைத்து ஓட்டுகிறோம். கவனமாகத்தான் இருக்கிறோம்.

இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் அந்தக் காந்தத்தை எடுத்துவிடுங்கள். புதிய சுவிட்ச் வரும் வரை எந்திரம் ஓட வேண்டாம். கதவு திறந்திருக்கும்போது தட்டு நகரக் கூடாது என்பதற்காகவே அந்தச் சுவிட்ச் வைக்கப்பட்டிருக்கிறது. காந்தம் ஒட்டிய நாளிலிருந்து, எட்டிப் பார்க்கும் தலைக்கும் நீளும் கைக்கும் எந்தத் தடையும் இல்லை. கவனமாக இருப்பவர் நீங்கள்; நாளை விடுப்பில் நீங்கள் இருக்கும்போது வரும் புதியவருக்கு அந்தக் காந்தம் இருப்பதே தெரியாது. சுவிட்ச் அடிக்கடி தகராறு செய்ததற்குக் காரணம் கதவின் கீல் தொய்ந்து இரு பாகங்களும் நேர்கோட்டில் சேராததாக இருக்கலாம். கீலைச் சரிசெய்யாமல் போட்டால் புதிய சுவிட்சும் அதே பாடுபடுத்தும். பொருத்தியபின், கதவைத் திறந்து வைத்து, எவரும் அருகில் இல்லாதபோது இயக்கப் பொத்தானை அழுத்தி, எந்திரம் அசைய மறுக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையையும் அவசர நிறுத்தப் பொத்தானின் சோதனையையும் வாரம் ஒருமுறை செய்து, தேதியோடு குறித்து வையுங்கள்.

கேள்வி: அமுக்கும்போது உள்ளே ஏதோ வெடித்துப் புகை வந்தது. கதவைத் திறந்து தண்ணீர் ஊற்றினோம். சரியா?

கதவைத் திறந்தது தவறு. திறந்தால் காற்று புகுந்து, புகையும் குப்பை தீயாக எழும். வெடித்தது லித்தியம் மின்கலமாகவோ வாயு நிரப்பிய தெளிப்புக் குப்பியாகவோ இருந்தால், அடுத்தது முகத்துக்கு நேரே வெடிக்கவும் கூடும். எந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, ஆட்களை விலக்கி, தீயணைப்புத் துறையை அழையுங்கள். உள்ளே என்ன போடப்பட்டது என்பதையும், தொட்டியில் எத்தனை லிட்டர் எண்ணெய் உள்ளது என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். புகை அடங்கியது போல் தெரிந்தாலும் பெட்டியைக் காலி செய்யும் முடிவை அவர்களிடமே விடுங்கள். நசுங்கிய லித்தியம் மின்கலம் அணைந்த பிறகும் மீண்டும் பற்றிக்கொள்ளும். எந்திரத்தைத் திரும்ப ஓட்டுவதற்கு முன், வெப்பம் பட்ட ஹோஸ்களையும் சிலிண்டர் சீல்களையும் ஒயர்களையும் ஒருவர் பார்த்தாக வேண்டும். ரப்பர் கருகியிருப்பது வெளியே தெரியாமலும் இருக்கலாம்.